காசு கேட்காத திண்ணை

அன்புள்ள அம்மிணிக்கு,

அத்தை எழுதுகிறேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கட்டுத்தரை ஓரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நீ ஒரு வார்த்தை சொன்னாய். "அங்க காசு குடுக்காம உக்கார ஓரிடம் இல்ல, அத்தை." உங்கப்பா உடனே, "ரூமுக்குத்தான் மாசம் பொறந்தா வாடகை கட்டறியே, அங்க உக்காரு கண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வீடு நிறையச் சொந்தபந்தம். தனியாகப் பேச வாய்க்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படி.

நீ சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது. பெங்களூரில் உன் பி.ஜி. அறையில் மூன்று கட்டில். உன் பங்குக்கு ஒரு கட்டிலும் ஒரு அலமாரிக் கதவும். ஆபீஸில் நல்ல நாற்காலி இருக்கிறது, ஆனால் அதில் உட்கார்ந்தால் வேலை பார்க்க வேண்டும். காப்பிக் கடையில் கோப்பை காலியானதும் பையன் வந்து மேசையைத் துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பான். அதற்கு மேல் உட்கார உனக்குக் கூச்சம். மாலுக்குள் போனால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நீ ஆறு மாதத்தில் இளைத்துப்போனதைச் சாப்பாட்டுக் குறை என்று உங்கம்மா நினைக்கிறாள். எனக்கென்னவோ அது உட்கார இடமில்லாத களைப்பு என்றுதான் படுகிறது.

அந்த ஊரில் உட்கார இடம் இருக்கிறது, அம்மிணி. ஊருக்கு நட்ட நடுவில் இருக்கிறது. கப்பன் பார்க். நீ போயிருப்பாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆபீஸ் தோழிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூத்த மரத்தடியில் நின்று எடுத்த படத்தை நீயே குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாய். அது போனது. நான் சொல்வது போய் உட்காருவது. இரண்டும் வேறு வேறு.

நான் 1984 ஆடி மாதம் ஈரோட்டில் வண்டி ஏறி அந்த ஊருக்குப் போனபோது எனக்கு 22 வயது. அல்சூரில் பெண்கள் விடுதியில் தங்கி, ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எந்த ஆபீஸ் என்பது இப்போது வேண்டாம். பூங்காவுக்கு எதிர்ச் சாலையில் இருந்தது என்பது போதும். முதல் ஒன்றரை வருஷம் அந்தப் பூங்காவைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். உள்ளே போக வேண்டும் என்று தோன்றியதே இல்லை. தனியாக ஒரு பொம்பளைப் பிள்ளைக்குப் பூங்காவுக்குள் என்ன வேலை?

1986 மாசி மாதம் ஒருநாள். கணக்கு அறிக்கை ஒன்றில் இரண்டு வரிசை எண்கள் இடம் மாறியிருந்தன. எனக்குக் கொடுத்த கையெழுத்துத் தாளிலேயே அந்தத் தப்பு இருந்தது. நான் இருந்ததை அடித்தேன். பிரிவு அதிகாரி கோப்பைக் கொண்டுவந்து என் மிஷின் மேலேயே போட்டார். இருபது பேர் முன்னால், நான் படித்துத்தான் வந்தேனா என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிரில் திறந்திருந்த வழியில் நுழைந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்ற நினைப்பில்லை. அழுகையை யாரும் பார்க்காத இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் வேர் மேடு ஒன்று, பலகை போல. அங்கே போய் உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சீமாற்றுச் சத்தம் கேட்டது. பூங்காவில் பெருக்குகிற அம்மா ஒருவர், என் அம்மா வயசு, நீளக் கழியில் கட்டிய சீமாற்றால் சருகைத் தள்ளிக்கொண்டே வந்தார். மாசி மாதம் அல்லவா, தரை தெரியாத அளவுக்குச் சருகு. நான் அவசரமாக எழுந்தேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நீ குந்துமா, நான் அப்பால பெருக்கிக்கிறேன்" என்றார். தமிழ்! வேறெதுவும் கேட்கவில்லை. ஏன் அழுகிறாய் என்றும் கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. என்னைச் சுற்றி வளைத்துப் பெருக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நடந்தவள் திரும்பிப் பார்த்தேன். கோடு கோடாகப் பெருக்கிய செம்மண் தரை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஒரு முறத்தின் அகலத்துக்குச் சருகு அப்படியே கிடந்தது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த ஊரில் எனக்கென்று யாரோ விட்டுவைத்த முதல் இடம் அது.

அடுத்த நாளும் போனேன். அடுத்த நாளும். அதற்குப் பிறகு 34 வருஷம், வாரத்துக்கு இரண்டு நாளாவது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வேறொன்றும் விளங்கியது. நம் ஊரில் சும்மா உட்காருகிற இடங்களை நீயே எண்ணிப் பார். வேப்பமரத்துத் திண்டு, டீக்கடை பெஞ்சு, பிள்ளையார் கோயில் மேடை, பால் சொசைட்டி வாசல். எல்லாம் ஆம்பளைகள் உட்காருகிற இடம். பெண்கள் உட்காருவதில்லையா? உட்காருவார்கள், கையில் வேலை இருந்தால். கடலை உரிக்க, பூக் கட்ட, புளி கொட்டை எடுக்க, பிள்ளைக்குத் தலை பார்க்க. வெறுங்கையோடு ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருந்தால், போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன, உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்பார்கள். உன் அப்பத்தா வெறுங்கையோடு உட்கார்ந்து நான் பார்த்தது, வாதம் வந்து வலது கை விழுந்த பிறகுதான். அதுவரை அந்த மனுஷி சும்மா உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. கை விழுந்த பிறகும் இடது கையால் எதையாவது தடவிக்கொண்டே இருப்பார்.

அந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். 24 வயதில், பட்டப்பகலில், வெட்டவெளியில், கையில் ஒன்றும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நம் குடும்பத்தில் அப்படி உட்கார்ந்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். இரண்டாவது ஆளாக நீ உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதற்கான வழிவகைதான்.

முதலில் போகிற வழி. நான் இருந்தபோது ஒயிட்ஃபீல்டிலிருந்து வருவதென்றால் பஸ்ஸில் அரை நாள் போய்விடும். 2023இலிருந்து உங்கள் பக்கத்திலேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ வந்துவிட்டது. அதில் ஏறினால் வண்டி மாற வேண்டாம். எம்.ஜி. ரோடு தாண்டியதும் அடுத்த ஸ்டேஷன் கப்பன் பார்க். படியேறி மேலே வந்தால் மின்ஸ்க் சதுக்கம், நாலா பக்கமும் வண்டி, ஹாரன். பயந்து திரும்பிவிடாதே. உள்ளே நுழைந்து நட. ஒரு நூறு அடி வரை சத்தம் கூடவே வரும். பிறகு அது முதுகுப் பக்கமாகப் போய்விடும். இன்னும் கொஞ்சம் போனால் மூங்கில் தோப்பு. அங்கே காற்றடித்தால் மூங்கில் ஒன்றோடொன்று உரசி, பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது உன் காதில் விழுந்துவிட்டால் நகரத்தைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையில் பூங்காவுக்குள் ஓடும் சாலைகளில் வண்டி விடமாட்டார்கள். முதல் தடவை ஞாயிறு காலையில் போவது உத்தமம்.

அந்தப் பூங்கா எப்படி அந்த இடத்தில் வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. இன்று ஒரே ஊராகத் தெரிகிற பெங்களூர் முன்பு இரண்டு ஊராக இருந்தது. மேற்கே பழைய பேட்டை, கன்னடம் பேசும் ஊர், மைசூர் ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. கிழக்கே 1809இல் வெள்ளைக்காரர்கள் அமைத்த தண்டு, அதாவது கன்டோன்மென்ட். பட்டாளத்துக்கு வேலை செய்யவும் கடை வைக்கவும் தமிழ்ப் பக்கத்திலிருந்து போன ஜனங்கள் குடியேறியது அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ் கேட்பது அதனால்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்த நிலத்தில் 1870இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி போட்ட பூங்கா இது. முதலில் 100 ஏக்கர், பிறகு விரிந்தது. இரண்டு ஊருக்கும் தனித்தனி நகராட்சி இருந்து, 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயிற்று. அல்சூரிலிருந்து வந்த நானும் பேட்டையிலிருந்து வந்த என் ஆபீஸ் தோழியும் சந்தித்துக்கொள்கிற இடமாக இந்தப் பூங்கா இருந்ததில் அந்தப் பழைய கணக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் இரண்டு தடவை மாறியிருக்கிறது. முதலில் மீட் என்ற துரையின் பெயர். பிறகு 1834 முதல் 1861 வரை மைசூரின் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் பெயர். 1927இல் நாலாவது கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளிவிழாவை ஒட்டி, அவருடைய தகப்பனார் சாமராஜேந்திரர் பெயரை வைத்தார்கள். கவர்மென்ட் பலகையில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஆட்டோக்காரரிடம் கப்பன் பார்க் என்றே சொல். கப்பன் துரை 1861இல் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்குக் கப்பலேறியவர், வழியில் சூயஸிலேயே செத்துப்போனார். ஊர் போய்ச் சேராத மனுஷர் பெயரில் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லாம் போய் உட்கார்ந்து ஆறுதல் தேடுகிறோம். எனக்கு அதை நினைத்தாலே மனசு கனக்கும்.

பூங்காவுக்குள் செங்காவி நிறத்தில் ஒரு கட்டடம் தெரியும், முன்னால் ரோஜாத் தோட்டம். அது சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். 1915இல் கட்டி முடித்தது. உள்ளே மாநில மத்திய நூலகம் இருக்கிறது. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1883இலிருந்து 1901 வரை மைசூரின் திவானாக இருந்தவர். சிவனசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் எழுந்தது. 1902இல் அங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கம்பி வழியாக மின்சாரம் போனபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. மழை வந்தால் நான் அந்த நூலகத்துக்குள்தான் ஓடி ஒதுங்குவேன். பூங்காவைப் பற்றி இப்போது உனக்குச் சொல்வதில் பாதியை அங்கேதான் படித்தேன். இன்னொரு பக்கம், சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவுக்கு எதிரில், சிவப்பாக நீண்டு கிடப்பது அட்டாரா கச்சேரி. 18 இலாகாக்கள் அதில் இருந்ததால் அந்தப் பெயர். இப்போது உயர் நீதிமன்றம். இவற்றையெல்லாம் ஒரே நாளில் சுற்றிப் பார்க்க வேண்டாம். நீ சுற்றுலாவுக்குப் போகவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரு மரத்தைத் தேர்ந்துகொள். ஒரே ஒரு மரம். ஒரு வருஷம் அதன் அடியிலேயே போய் உட்கார்.

எந்த மரம் என்பது உன் விருப்பம். அங்கே வெள்ளி ஓக் இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நம்ம ஊர்ப் புங்கை இருக்கிறது. ஆலும் அத்தியும் இருக்கின்றன. தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அந்த மண் கேட்கவில்லை. நீயும் வெளியூர்க்காரி என்று குறுகிப்போக வேண்டாம். இப்போது நீ போனால் இளஞ்சிவப்பு டபேபுயாக்கள் பூத்திருக்கும். நீ படம் எடுத்தது அதைத்தான். மாசியில் மஞ்சள் டபேபுயா, இலை ஒன்றுகூட இல்லாமல் மரம் முழுக்கப் பூ. பங்குனி வாக்கில் ஜகராண்டா, ஊதா. அது உதிர்ந்து கொஞ்ச நாளில் நாம் மே ஃப்ளவர் என்கிற செம்மயிற்கொன்றை. இப்படி ஒன்று முடிய ஒன்று பூப்பதற்கு ஒரு மனுஷரின் மூளைதான் காரணம் என்று சொல்வார்கள். கிரும்பீகல் என்ற ஜெர்மன்காரர், 1908இல் பெங்களூருக்கு வந்து லால்பாக் பொறுப்பை ஏற்றவர். எந்தப் பருவத்திலும் ஊரில் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெருத்தெருவாக நட்டவர். அந்த ஊரிலேயே 1956இல் காலமானார்.

ஆனால் பூக்கிற மரத்தை நீ தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். பூ இருக்கிற பதினைந்து நாளும் அங்கே கூட்டம் நிற்கும், உன்னாலும் கைபேசியை எடுக்காமல் இருக்க முடியாது. தூங்குமூஞ்சியை எடுத்துக்கொள். அதில் பார்க்க நிறைய இருக்கிறது. காலையில் இலைகள் விரிந்து, குடை பிடித்த மாதிரி நிழல். சாயங்காலம் ஐந்து மணி தாண்டியதும் எதிரெதிர் இலைகள் ஒன்றையொன்று தேடி மெல்ல மடிய ஆரம்பிக்கும். இலைக்காம்பின் அடியில் சின்ன வீக்கம் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். அதில் தண்ணீர் ஏறி இறங்குவதால் இந்த மடிப்பு. மழைக்கு மூட்டம் போட்டாலும் மடிந்துவிடும். இருட்டும்போது மரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், மதியம் மூடியிருந்த கூரை வழியாக வானம் தெரியும். எல்லா இலையும் ஒரே நேரத்தில் மடியாது. கீழ்க்கிளை மடிந்திருக்கும், உச்சியில் கடைசி வெயில் படுகிற கிளை கொஞ்சம் தாமதிக்கும். இது நடக்க ஒரு மணி நேரம் ஆகும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் நான் வேறெதையும் நினைத்ததில்லை. ஆபீஸ் என்னோடு அந்த மரத்தடி வரைக்கும் வந்துவிட்டு, அங்கேயே கிடந்துவிடும்.

முதல் நாளே இதெல்லாம் நடக்காது, சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நிமிஷம் உன் கை தானாகப் பைக்குள் போகும். போகட்டும், திட்டிக்கொள்ளாதே, திரும்ப எடுத்து மடியில் வை. பிறகு ஆபீஸ் நினைப்பு வரும், யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று. அதுவும் ஓடி முடியட்டும். இருபது, இருபத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் காது திறக்கும். குக்குறுவான் கத்துவது அதுவரைக்கும் கேட்டிருக்காது. அது அத்தனை நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். அணில், மைனா, மேலே வட்டமடிக்கிற பருந்து என்று ஒவ்வொன்றாக வரும். எனக்கு இது பழக மூன்று மாதம் ஆயிற்று. உங்கள் காலத்தில் இன்னும் கூட ஆகலாம். கையில் கட்டியிருக்கிறாயே, எத்தனை அடி நடந்தாய் என்று எண்ணிச் சொல்கிற கடிகாரம், அதை அன்றைக்கு அறையிலேயே விட்டுவிட்டுப் போ. உட்கார்ந்தால் எழுந்து நட என்று அது உன்னை விரட்டும் என்று நீயே சொன்னாய்.

சாப்பிட எதையும் எடுத்துப் போகாதே. நான் டிபன் பாக்ஸோடு போன காலம் வேறு. இப்போது உள்ளே குப்பை சேருவதும் நாய்கள் பொட்டலத்துக்குப் பின்னால் ஓடிவருவதும் தொந்தரவாகிவிட்டது. தண்ணீர் பாட்டில் போதும், அதையும் திரும்பக் கொண்டுவா. புத்தகம் எடுத்துப் போவதா என்றால், முதல் மூன்று மாதம் வேண்டாம். சனிக்கிழமை காலைகளில் ஒரு கூட்டம் அங்கே விரிப்பை விரித்துப் போட்டு, ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு புத்தகம் படிப்பதாகக் கேள்விப்பட்டேன். 2023இல் தொடங்கியது, இப்போது பல ஊருக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். நல்ல காரியம். உனக்குத் துணை வேண்டும் என்று தோன்றுகிற நாளில் அவர்களோடு போய் உட்கார். நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேராவது அதில் இருப்பார்கள்.

இப்போது உங்கம்மா இதைப் படித்தால் முதலில் கேட்கப்போவதற்கு வருகிறேன். தனியாகப் போகிற பெண்ணுக்குப் பயமில்லையா? இருக்கிறது, அம்மிணி. இல்லை என்று சொன்னால் நான் உனக்குப் பொய் சொன்னவள் ஆவேன். 34 வருஷத்தில் நாலைந்து தடவை ஆட்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொந்தரவு கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் இரண்டு நாள் தொடர்ந்து வந்தான். அதனால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நடைபாதை கண்ணில் படுகிற இடத்தில் உட்கார். மூங்கில் தோப்பின் உட்புறம் அழகுதான், அங்கே தனியாக உட்காராதே. ஆட்கள் நடமாட்டம் குறைய ஆரம்பித்ததும் எழுந்துவிடு. இலை மடிவதை முழுக்கப் பார்க்கவில்லையே என்று நிற்காதே, நாளைக்கும் மடியும். மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் காரணம் தேடாமல் எழுந்து வேலையாட்கள் இருக்கிற பக்கமாகப் போ. பெருக்குகிறவர்கள், தண்ணீர் விடுகிறவர்கள், வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரோடும் முதல் வாரத்திலேயே முகம் பழகிக்கொள். கன்னடத்தில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு பேசு. "ஊட்ட ஆய்த்தா?" என்று கேள், சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம், அவர்கள் முகம் மலர்வதைப் பார். எனக்குத் தொந்தரவு கொடுத்தவனை மூன்றாம் நாள் விரட்டியது அந்தச் சீமாற்று அம்மாதான். கழியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான்.

ஆனால் பயம் இருக்கிறது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாம் போகாமல் இருக்க இருக்க, அந்தப் பெஞ்சுகள் நம் ஊர் டீக்கடை பெஞ்சாகிவிடும். தினமும் பத்துப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பதினோராவது பெண் வரப் பயப்பட மாட்டாள். நான் போக ஆரம்பித்த காலத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்ப்பதே அரிது. வயசானவர்கள் நடப்பார்கள், ஜோடிகள் வருவார்கள், குடும்பம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், என் மரத்துக்கு எதிர் மரத்தடியில் ஒரு பெண், சின்ன வயசு, கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் அப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து போகும்போது ஒரு தலையசைப்பு. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் வராத வாரம் எனக்குக் கவலையாக இருக்கும்.

இந்த இடம் தானாக மிஞ்சவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள். ஊர் நடுவில் அவ்வளவு நிலம் கிடந்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? சுற்றிலும் கட்டடங்கள் வந்து வந்து ஓரங்களைத் தின்றிருக்கின்றன. 1975இல் கர்நாடகத்தில் அரசுப் பூங்காக்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். இந்தப் பூங்காவும் லால்பாகும் அதற்குள் வரும். அதற்குப் பிறகும் 1998இல் ஒரு பகுதியை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கப் பார்த்தபோது ஊர் ஜனங்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். படித்தவர்கள், கடைக்காரர்கள், காலையில் நடக்க வருகிற தாத்தாக்கள். நானும் ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். அதுவரை எந்தக் கூட்டத்திலும் நின்றதில்லை. பக்கத்தில் நின்ற கன்னடக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு அந்த ஊரில் ஓட்டு இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அது என் ஊர் என்று நினைத்தேன். நீ ஒரு வருஷம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால், அதன் மேல் யாராவது வெட்டுவதற்காகச் சுண்ணாம்பால் எண் போட்டுப் போனால் ஏன் என்று கேட்காமல் உன்னால் வர முடியாது.

"வேலை நேரம் பத்து மணி நேரம் ஆகுது, இதுக்கு ஏது நேரம், அத்தை?" என்று கேட்பாய். உண்மைதான். போகவர மெட்ரோவில் ஒன்றரை மணி நேரம், அங்கே ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒரு தடவை போதும். அந்த நேரத்தை நீ சேமித்து வைத்து என்ன செய்கிறாய் என்று கேட்க எனக்கு மனசில்லை. கட்டிலில் படுத்துக் கைபேசியில் ஓடுகிறது என்று பொங்கலன்றைக்கு நீயே சொல்லிவிட்டாய், சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது. பதவி உயர்வுக்கோ உடம்புக்கோ இதனால் என்ன லாபம் என்று நான் உனக்குக் கணக்குச் சொல்லப்போவதில்லை. எனக்கு வந்த பதவி உயர்வு எதுவும் அந்த மரத்தால் வந்ததில்லை. என் கோபம் வீட்டுக்கு வராமல் இருந்தது அந்த மரத்தால்தான். உன் மாமாவைக் கேட்டால் சொல்வார். நான் பூங்காவில் இறங்கிவிட்டு வந்த நாளும் நேராக வந்த நாளும் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தத்திலேயே தெரியும் என்பார்.

என் மரம் எங்கே என்று சொல்கிறேன். நூலகத்தின் முன்னால் ரோஜாத் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் வலது பக்கம் ஒரு நடைபாதை பிரியும். அதில் கொஞ்ச தூரம். தண்டு இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து பாதைக்குக் குறுக்கே போகும். வேர் மேடு கிழக்குப் பக்கம். நான் 2020இல் கடைசியாகப் பார்த்தது. காற்றில் விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும், அந்த ஊர் மழைக்கு வருஷம் சில பெரிய மரங்கள் சாய்கின்றன. இல்லையென்றால் வருத்தப்படாதே, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் அடியில் உட்கார்.

இருந்தால் ஒன்று செய். பங்குனி, சித்திரையில் அதன் காய் பழுத்துக் கீழே கொட்டும். கறுப்பாக, பட்டையாக, ஒடித்தால் உள்ளே பிசுபிசுவென்று இனிப்பாக இருக்கும். மாடுகளுக்கு அது உயிர். சித்திரைக் கனிக்கு ஊருக்கு வரும்போது ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வா. நம்ம செவலைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் அத்தை